கொடுபட வேண்டிய சம்பளம்

காளவாசலில் டயர்க் கடைக்கு மேல்
ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர்,
மழை வந்தால் தார்ப்பாய்.
தொண்ணூற்றாறில் தெய்வேந்திரன் சார் முதலாளி ஆனபோது
கணக்கெழுத வந்தவள் நான்.
சம்பளம் தொள்ளாயிரம்.

முதல் கம்பெனி
கீழமாசி வீதிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள்.
வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே
கடை கடையாய் ஏறி விளக்குவார்.
ஒரு மண்டிக்காரர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு
'எல்லாஞ் சரி தம்பி,
ரெண்டாம் நோட்டு இதுல எங்க இருக்கு?' என்றார்.
பதினோரு கடை வாங்கியது.
அதில் ஒன்பது
கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி
சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைத்தது.

இரண்டாவது, பூ.
மாட்டுத்தாவணியின் விடிகாலை மல்லி விலை
உசிலம்பட்டிப் பக்கத்துச் செல்போன்களுக்குக்
குறுஞ்செய்தியாய்ப் போகும். மாதம் முப்பது ரூபாய்.
ஊருக்கு ஒருவர் கட்டினார்.
மிச்சப் பேர் டீக்கடையில்
அவர் போனை எட்டிப் பார்த்தார்கள்.
மல்லி விலை உச்சத்தில் நின்ற
இரண்டாயிரத்தேழு தை மாதம், மூடினோம்.
ஏழு பேருக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றது.
சாவியை டயர்க் கடையில் கொடுத்துவிட்டு
சார் பெங்களூர் பஸ் ஏறினார்.
எங்களிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
வழிச்செலவுக்கு நாங்களே திரட்டியிருப்போம்.
நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை,
அவர் அப்படிப் பேசக்கூடியவர்.

மூன்றாவதும் நான்காவதும் பேப்பரில் படித்தது.
ஆஸ்பத்திரி டோக்கன் வரிசை பற்றி ஏதோ.
ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கியது.
தொகையைப் பார்த்த என் வீட்டுக்காரர்
சைபர்களை விரல் வைத்து எண்ணி,
பாதியில் விட்டு,
டீ ஆறுது என்றார்.

பிறகு திரும்பி வந்தார், கொடுக்க.
மேலூரில் பன்னிரண்டு டயாலிசிஸ் மிஷின்.
பேரையூர் பெண்கள் பள்ளியில் கழிப்பறை,
தண்ணீர் தீர்ந்தால்
சாரின் போனுக்கே மணியடிக்கும் தொட்டியோடு.
கல்வெட்டு வேண்டாம் என்பார்.
வைத்துவிட்டால் எழுத்துப்பிழை பார்ப்பார்.
அறக்கட்டளைக்குக் கணக்கெழுத என்னைக் கூப்பிட்டார்.
போனேன்.
இந்தத் தடவை ஏசி.

'ஒரு ரூபாய்க்கு எத்தனை பேர், அமலு மேடம்?'
எதைக் காட்டினாலும் இதுதான் கேள்வி.
சொல்வேன், தசமப் புள்ளியோடு சொல்வேன்.
ஒரு மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம்
பழைய பேரேட்டை மேஜைமேல் விரித்து வைத்தேன்.
பூக் கம்பெனி செத்த பிறகும்
பதினான்கு வருஷம்
தவறாமல் நான் முன்கொணர்ந்த ஒரே வரி,
பொறுப்புகள் பக்கத்தில்:
கொடுபட வேண்டிய சம்பளம், ஏழு பேர்,
ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம்.
நான்காவது பெயர் அமலோற்பவம்.

சார் ரொம்ப நேரம் படித்தார்.
பேரையூர்த் தொட்டி போனில் மணியடித்தது.
எடுக்கவில்லை.
'நன்கொடையில சேத்துரலாமா?'
'இதுக்கு எண்பது ஜி கிடையாது சார். இது கடன்.'
'வட்டி?'
'பன்னெண்டு போட்டிருக்கேன்.'
பேரம் பேசவில்லை.

ஆறு காசோலை அந்த வாரமே போய்ச் சேர்ந்தது.
(என்னுடையது என் கைப்பைக்குள்.)
முருகவேணி வாங்கிக்கொண்டு சிரித்தாள்.
அருளானந்து வாங்கிக்கொண்டு
ஒரு வார்த்தை திட்டினார். அதையும் சாரிடம் சொன்னேன்.

ஏழாவது சிக்கந்தர்.
மூன்று மணிக்கு எழுந்து சந்தைக்குப் போய்
விலை கேட்டு வந்த பையன்.
நெல்பேட்டை முகவரியில் இப்போது பிரியாணிக் கடை.
துபாய் என்றார்கள், திருப்பூர் என்றார்கள்.
மேலூர் மிஷின்களை ஒரே ஒரு தடவை பார்த்தவர்
சிக்கந்தரைத் தேடிச் சந்தைக்கு
ஐந்து விடிகாலை தானே போனார்.
பூக்காரர்கள் நிமிராமல்
'எத்தன கிலோ?' என்றார்கள்.

காசோலை மூன்று மாதம்தான் செல்லும்.
அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை
பழையதைக் கிழித்து, வட்டி கூட்டி,
சிக்கந்தர் பாட்சா என்று புதிதாய் எழுதுகிறேன்.
கையெழுத்துப் போடும்போது மட்டும்
சார் எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

இன்று எழுதியது ஒன்பதாவது.
தொகையை எழுத்தால் எழுதும் கோட்டில்
இடம் போதவில்லை,
'மட்டும்' கீழே இறங்கிவிட்டது.